பிடிப்போர் சங்கம்: ஓர் உரிமத்தின் வரலாறு

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் முதன்முதலில் அச்சேறியபோது அதன் 9ஆம் பிரிவு நால்வகை உரிமங்களைப் பேசியது. சிறப்பு வேட்டை விலங்குகளுக்கு ஒன்று, பெருவேட்டைக்கு ஒன்று, சிறுவேட்டைக்கு ஒன்று. நான்காவது, காட்டு விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பதற்கான உரிமம். உரிமம் பெற்றவர் தாம் கொன்றவற்றையும் பிடித்தவற்றையும் பதிவேட்டில் குறித்துவர வேண்டும் என்று அடுத்த பிரிவு விதித்தது. 1991இன் திருத்தம் இந்த ஏற்பாடு முழுவதையும் நீக்கியது. 9ஆம் பிரிவு, வேட்டை கூடாது என்னும் ஒற்றைத் தடையாகச் சுருங்கிற்று. நான்காம் உரிமம் இருந்ததையே இன்று சூழலியல் வரலாறு பயிலும் மாணவர் பலர் அறியார்.

புலிவேட்டைக்கு உரிமம் வாங்கிய துரைமார்களைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. பொறி வைத்தவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. உரிமப் பதிவேடுகளை மட்டும் ஆதாரமாகக் கொண்டு இந்தியாவில் விலங்கு பிடித்தோரின் வரலாற்றை எழுத முயல்பவர் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். ஏனெனில் உண்மையில் பிடித்தவர்களின் கையில் பெரும்பாலும் உரிமம் இருந்ததில்லை. அவ்வாறு உரிமமற்றிருந்த ஒரு சமூகம் சங்கம் அமைத்து, சட்டத்தின் உள்ளேயே தனக்கோர் இடத்தைப் பெற்ற நிகழ்வு தமிழ்நாட்டில் ஒன்று உண்டு. செங்கல்பட்டுக் கடற்கரைப் பகுதியின் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கமே அது.

அதற்கு முன் மலைமேல் இருந்த இன்னொரு சங்கத்தைப் பார்ப்பது நல்லது. 1877இல் நீலகிரியில் வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புக்கான சங்கம் ஒன்று தோன்றியது. இரண்டாண்டு கழித்து, 1879இல், மதராஸ் அரசு நீலகிரி வேட்டை விலங்குகளுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. வேட்டை கூடாத பருவம், உரிமம், அதற்குரிய கட்டணம் ஆகியவை அதன்வழி வந்தன. சங்கத்தில் இருந்தோர் இராணுவ அதிகாரிகள், தோட்டமுதலாளிகள், குடிமைப்பணி அலுவலர்கள். வரையாட்டில் முதிர்ந்த ஆண்களை மட்டுமே சுடலாம் என்பது போன்ற கட்டுப்பாடுகள் இவர்கள் காலத்தில் வழக்குக்கு வந்தன. வேட்டையாடுவோர் தம் வேட்டைப் பொருள் தீர்ந்துவிடாதிருக்கத் தாமே வேலி கட்டிக்கொண்டனர் என்று இதைச் சுருக்கிவிடுவதில் உண்மை உண்டு. ஆனால் அந்த வேலி யாரை வெளியே நிறுத்தியது என்ற கேள்வி அச்சுருக்கத்தில் விடுபட்டுப்போகிறது. கட்டணம் செலுத்தித் துப்பாக்கியுடன் வந்தவர் உரிமதாரர். அவருக்குத் தடம் காட்டிச் சென்ற இருளரும் குறும்பரும் எந்தப் பதிவேட்டிலும் உரிமதாரராக ஏறவில்லை. தம் தேவைக்குக் கண்ணி வைத்தபோது அவர்களுக்குக் கிடைத்த பெயர் திருட்டு வேட்டைக்காரர்.

அந்தச் சங்கம் அழியவில்லை. 1963இல் இ.ஆர்.சி. டேவிதார் நடத்திய வரையாட்டுக் கணக்கெடுப்பு போன்ற முயற்சிகளோடு அதன் கவனம் சுடுவதிலிருந்து எண்ணுவதற்கும் காப்பதற்கும் நகர்ந்தது. இன்று அதன் பெயரில் வேட்டை என்னும் சொல்லே இல்லை. சுற்றுச்சூழல் என்னும் சொல் இருக்கிறது. உரிமம் பெற்றவர்களின் சங்கத்துக்கு இத்தகைய உருமாற்றம் எளிது. உரிமமே அற்றவர்களுக்குச் சங்கம் எப்படி வாய்த்தது என்பதுதான் விளக்கம் வேண்டுவது.

செங்கல்பட்டு, ஆற்காட்டுப் பகுதிகளின் இருளர்களைப் பழைய பதிவுகள் வில்லியர் என்றும் குறிக்கின்றன. நீலகிரி இருளரின் மொழியைக் கமில் சுவலபில் 1973 முதல் பல பகுதிகளாக ஆராய்ந்து வெளியிட்டார். சமவெளி இருளரோ பெரும்பாலும் தமிழின் வட்டார வழக்கையே பேசுவதால் மொழியியலாரின் கண் அவர்கள்மீது அவ்வளவாகப் படவில்லை. அவர்கள் அறிவின் பெரும்பகுதி பேச்சில் மட்டும் இல்லை. வளையின் வாயில் மண் எப்படி வழவழத்திருக்கிறது, எச்சம் எவ்வளவு பழையது, உரித்த சட்டையின் துணுக்கு எந்தப் பாம்பினுடையது, மணலில் ஊர்ந்த தடம் எத்திசை நோக்கியது என்று கண்ணால் வாசிக்கும் அறிவு அது. கையில் ஒரு கடப்பாரை, ஒரு கோல், ஒரு துணிப்பை. கருவிகள் இவ்வளவே. கண்ணியும் கூண்டும் இங்கே தேவைப்படவில்லை. எனினும் சட்டத்தின் விளக்கப் பிரிவில் கொல்லுதல், பிடித்தல், கண்ணியிடல், பொறிவைத்தல் அனைத்தும் வேட்டை என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பாம்பு பிடிப்பதைத் தமிழில் யாரும் பாம்பு வேட்டை என்று இயல்பாகச் சொல்வதில்லை. சட்டம் அவ்வாறே கொள்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இந்த அறிவுக்கு ஒரு சந்தை இருந்தது. அது தோல் சந்தை. கைப்பைக்கும் காலணிக்கும் இடைவாருக்குமாகப் பாம்புத் தோல்கள் லட்சக்கணக்கில் வெளிநாடு சென்றன. மதராஸின் தோல் பதனிடும் நிலையங்களுக்குத் தரகர் வழியாகத் தோல் தந்தவர்களில் இருளர் முதன்மையானோர். இந்த வணிகத்தின் இலாபத்தில் அவர்கள் பெற்ற பங்கு மிகச் சிறிது. அவர்களுடைய எண்ணிக்கை எங்கும் பதியப்படவில்லை. ஏற்றுமதியான தோலுக்குக் கணக்கு உண்டு, தோலைக் கொண்டுவந்த மனிதர்க்குக் கணக்கு இல்லை. 1972இன் சட்டமும், 1976இல் பாம்புத் தோல் ஏற்றுமதிக்கு விழுந்த தடையும் இந்த வணிகத்தை முடித்துவைத்தன. தடை நியாயமானது, நெல்வயல்களில் எலி பெருகுவதைக் கண்ட உழவரும் அதை மறுக்கமாட்டார். ஆனால் தடைக்கு அடுத்த நாள் அந்தக் குடும்பங்கள் எதை உண்ணும் என்பதற்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. அரிசி ஆலையும் செங்கல் சூளையும் முன்பணம் கொடுத்து ஆள்பிடிக்கும் உலகம் பக்கத்திலேயே காத்திருந்தது. கொத்தடிமை முறையிலிருந்து மீட்கப்பட்டோர் பற்றிய செய்திகளில் இருளர் என்ற பெயர் இன்றளவும் வந்துகொண்டிருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் 1978இல் சங்கம் பதிவாயிற்று. பின்னணியில் இருந்தவர் ராமுலஸ் விட்டேக்கர். மதராஸ் பாம்புப் பண்ணையையும், பின்னர் 1976இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையையும் நிறுவியவர். இருளரோடு காட்டில் அலைந்து பாம்பைக் கற்றவர் என்று தம்மைப் பற்றி அவரே பல இடங்களில் கூறியுள்ளார். அவர் முன்வைத்த யோசனை எளிது: பாம்பைக் கொன்று தோலை விற்பதற்குப் பதிலாக, உயிரோடு பிடித்து நஞ்சை எடுத்து விற்றுவிட்டுப் பாம்பைத் திரும்ப விட்டுவிடலாம். நஞ்சு முறிவு மருந்து செய்வோருக்கு அது தேவை. பிடிப்பவருக்கோ அதே வளை, அதே கோல், அதே கண். யோசனை எளிதாயினும் அனுமதி எளிதாகவில்லை. சங்கம் பதிவாகிச் சில ஆண்டுகள் கழித்தே, 1980களின் தொடக்கத்தில், நஞ்சு எடுக்கும் பணி நடைமுறைக்கு வந்தது.

பணிமுறை இதுதான். நான்கு இனங்கள்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் மிகப் பெரும்பகுதிக்குக் காரணமாகக் கருதப்படும் நான்கும் இவையே. பிடிபட்ட பாம்பு, மணல் பரப்பிய மண்பானைக்குள் இடப்பட்டு, பானையின் வாய் துணியால் கட்டப்படும். ஏறத்தாழ வாரம் ஒருமுறை நஞ்சு எடுக்கப்படும். மூன்று நான்கு வாரம் கழித்து, வயிற்றுச் செதில் ஒன்றில் சிறு வெட்டு அடையாளமிட்டுப் பாம்பு வெளியே விடப்படும். அந்த அடையாளம் சில முறை சட்டை உரித்தபின் மறைந்துவிடும். மறையும்வரை மீண்டும் அகப்பட்டாலும் அதைக் கொண்டுவரக் கூடாது. எடுத்த நஞ்சு உறையவைத்து உலர்த்தப்பட்டுக் கிராம் கணக்கில் மருந்து நிறுவனங்களுக்குப் போகும். அங்கே அது சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றப்பட்டு, அவற்றின் குருதியிலிருந்து முறிவு மருந்து ஆகும். நாட்டின் மருந்து உற்பத்திக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்த ஒரு சங்கத்திலிருந்தே சென்றது. உறுப்பினர் முந்நூறுக்கும் மேல். அவர்களில் பெண்களும் உண்டு. இருள மகளிர்க்கென 1986இல் தண்டரையில் தனியே ஒரு நலச்சங்கம் அமைந்து மூலிகை, நாற்றங்கால் எனப் பணியாற்றியது வேறொரு கிளைக்கதை.

இங்கே ஒரு சொல்நுட்பம் கவனிக்கத்தக்கது. 1972இன் மூலச் சட்டம் உரிமம் என்றும் அனுமதி என்றும் இரண்டைப் பிரித்தே வைத்திருந்தது. தமிழில் உரிமம் என்னும் சொல்லின் வேரில் உரிமை இருக்கிறது. கட்டணம் செலுத்தி நிபந்தனைக்கு உட்பட்டால் கேட்பவர் பெறக்கூடியது என்ற தொனி அதற்கு உண்டு. அனுமதி அப்படிப்பட்டதன்று; தருபவரின் விருப்பத்தில் நிற்பது. 1991க்குப் பின் வேட்டை உரிமங்கள் யாவும் போயின, அனுமதி மட்டும் எஞ்சியது. சட்டத்தின் 12ஆம் பிரிவு, கல்வி, ஆராய்ச்சி முதலிய நோக்கங்களுக்காகத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம் என்கிறது. அப்பட்டியலின் (டி) என்னும் உட்பிரிவு, உயிர்காக்கும் மருந்துக்காகப் பாம்பு நஞ்சை எடுத்தல். இருளர் சங்கம் நிற்கும் நிலம் அந்த ஒரு வரி. 2006இன் வன உரிமைச் சட்டமும் அந்த நிலத்தை அகலப்படுத்தவில்லை. பழங்குடியினரின் பிற மரபுவழி உரிமைகளையும் ஏற்கும் அதன் உட்பிரிவு ஒன்று, வேட்டையாடும் உரிமையையும் பொறிவைக்கும் உரிமையையும் பெயர் சொல்லி விலக்கிவிட்டது.

ஆகவே ஒவ்வோர் ஆண்டும் எந்த இனத்தில் எத்தனை பாம்பு என்று அரசு ஆணை சொல்ல வேண்டும். ஆணையின் எண்ணிக்கை சில ஆயிரங்களில் ஏறும், இறங்கும். ஆணை பிந்தினால் பருவம் போகும். மழைக்குப் பின் பாம்புகள் வெளிவரும் வாரங்களில் கோலைச் சாய்த்துவைத்துக் காத்திருக்க வேண்டும். இதில் நிருவாகச் சிக்கல் ஒன்றும் உண்டு. தொழிற்கூட்டுறவு என்பதால் சங்கம் தொழில்வணிகத் துறையின் மேற்பார்வையில் வருகிறது. பிடிக்கும் அனுமதியோ வனத்துறையிடம். ஒரு துறைக்கு இது உற்பத்தி, மற்றதற்கு இது விதிவிலக்கு. பிடிப்போரே உறுப்பினராயினும், எத்தனை பிடிக்கலாம் என்பதை முடிவுசெய்யும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். அங்கே பொறி உரிமம் தனிமனிதர் மாநிலத்திடம் விலைகொடுத்து வாங்குவது. மாநிலந்தோறும் பொறிவைப்போர் சங்கங்கள் உள்ளன. தேசிய அளவிலான சங்கம் 1959இல் அமைந்தது. உரிமம் வாங்குவோரில் ஒரு பகுதியினரே சங்கத்தில் சேர்கின்றனர். சேர்பவர்கள் சட்டமன்றத்தில் குரல் கொடுக்கின்றனர், பயிற்சி நடத்துகின்றனர். உரிம எண்ணிக்கை மென்மயிர்த் தோலின் விலையோடு ஏறி இறங்குவது வழக்கம். 1970களின் இறுதியில் விலை உச்சத்தில் இருந்தபோது பெருகியது, 1980களின் இறுதியில் சந்தை சரிந்தபோது சுருங்கியது. இன்னொன்று: 1937இன் பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கி, தோட்டா வரியிலிருந்து மாநிலங்களுக்குப் போகும் வனவிலங்கு நிதி, பரப்பளவோடு கட்டண வேட்டை உரிமதாரர் எண்ணிக்கையையும் கொண்டு பகிரப்படுகிறது. அங்கே உரிமதாரர் எண்ணப்படுவதில் அரசுக்கே ஆதாயம் இருக்கிறது. அங்கே உரிமம் முதலில், சங்கம் பிறகு, அதுவும் விருப்பப்படி. வடநெம்மேலியிலோ சங்கம் இல்லாமல் அனுமதி இல்லை. சங்கத்துக்கு வெளியே நிற்கும் இருளர் ஒருவர் அதே கோலால் அதே பாம்பைப் பிடித்தால் அது குற்றம். உறுப்பினர் எண்ணிக்கையை ஆர்வத்தின் அளவுகோலாகக் கொள்வது அமெரிக்காவில் ஓரளவு பொருந்தலாம். இங்கே அது எத்தனை பேருக்கு இடம் தரப்பட்டது என்பதையே காட்டும். 'ஜெய் பீம்' திரைப்படத்தில் பணக்காரர் வீட்டில் புகுந்த பாம்பைப் பிடித்துக்கொடுத்த இருளர் பின்னர் அதே வீட்டுத் திருட்டில் குற்றவாளியாக்கப்படும் காட்சியைக் கண்டவர்க்கு, சங்க உறுப்பினர் என்ற அடையாளம் எத்தகைய காப்பு என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

எல்லாப் பிடிப்போருக்கும் இந்த வாய்ப்பு வரவில்லை. பெங்களூரில் பொம்மனஹள்ளிக்குத் தென்மேற்கே, பன்னேர்கட்டா காட்டோரத்தில் ஹக்கி பிக்கி மக்களின் குடியிருப்பு உண்டு. மைசூரு மாவட்டத்து ஹுன்சூர் வட்டத்தில் பக்ஷிராஜபுரம் என்ற பெயரிலேயே ஊர்கள் உள்ளன. ஹக்கி என்றால் கன்னடத்தில் பறவை. பறவை பிடிப்போர் என்பதே சமூகத்தின் பெயர். ஆனால் அவர்கள் வீட்டுமொழி கன்னடம் அன்று. வாக்ரி எனப்படும் இந்தோ-ஆரிய மொழி. தமிழ்நாட்டு நரிக்குறவரோடு உறவுடையது. பிறர் இட்ட பெயர் தொழிலைச் சொல்கிறது. தொழிலோ சட்டத்தில் மாண்டுவிட்டது. 1990களின் தொடக்கத்தில் நாட்டுப் பறவைகளின் வணிகம் முற்றாகத் தடைப்பட்டபோது, பாம்பு நஞ்சுக்கு இருந்ததைப் போன்றதொரு மருத்துவப் பயன் பறவைக்கு இல்லை. 12ஆம் பிரிவில் அவர்களுக்கென்று வரி இல்லை. அவர்கள் மூலிகை எண்ணெயும் அலங்காரப் பொருளும் விற்று நாடுவிட்டு நாடு போயினர். 2023 ஏப்ரலில் சூடானில் போர் மூண்டபோது அங்கே சிக்கிக்கொண்ட கர்நாடகத்தவர் ஹக்கி பிக்கி மக்கள் என்ற செய்தி வந்தபோதுதான் பெங்களூர்வாசிகள் பலர் தம் நகரின் விளிம்பில் இருக்கும் இந்தப் பெயரை முதன்முறை கேட்டனர். இரு சமூகங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைத் திறமையில் தேடுவது வீண். பிடிபட்ட உயிர் எதற்குப் பயன்படும் என்பதே அதைத் தீர்மானித்தது.

நஞ்சுக்கான அந்தப் பயனும் இன்று கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. 2020இல் வெளியான ஆய்வு, 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் என, அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 என மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. கர்நாடகம் 2024இல் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகரின் குழு நடத்திய ஆய்வுகள் ஒரே இனத்துப் பாம்பின் நஞ்சுகூட வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடுவதைக் காட்டின. தென்கோடியின் ஓரிரு மாவட்டப் பாம்புகளின் நஞ்சால் செய்த மருந்து வேறு பகுதிகளில் போதிய பலன் தருவதில்லை. வட்டாரந்தோறும் நஞ்சு சேகரிக்க வேண்டும் என்பது இதன் நேரடி முடிவு. பிடித்து, எடுத்து, விட்டுவிடும் முறையைக் காட்டிலும், பாம்புகளை நோய்ப் பரிசோதனை செய்து நீண்டகாலம் கூண்டில் வளர்த்து நஞ்சு எடுப்பதையே பன்னாட்டு வழிகாட்டுதல்கள் விரும்புகின்றன. அறிவியல் நோக்கில் இவற்றை மறுக்க இடமில்லை. ஆனால் பானைக்குப் பதில் கண்ணாடிக் கூண்டு வரும்போது பிடிப்பவரின் கண்ணுக்கும் கோலுக்கும் தேவை குறையும். ஒருமுறை பிடித்தால் போதும். ஒரே இடத்து நஞ்சை நம்பியிருந்தது மருந்தின் குறை. அதே நம்பிக்கைதான் முந்நூறு குடும்பங்களின் சோறு. இவ்விரண்டையும் ஒருசேரப் பேசும் திட்ட ஆவணங்கள் அரிது. பிற மாநிலங்களில் நஞ்சு மையம் அமையும்போது அங்குள்ள பிடிப்போரைச் சங்கமாக்குவதா, கூலிக்கு அமர்த்துவதா என்பது மருந்தியலார் மட்டும் முடிவுசெய்யும் பொருளாகிவிடக் கூடாது.

2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரண்டு இருளர்கள் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். அங்கே வளர்ப்பு விலங்காகப் போய்க் காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்பைப் பிடிக்க மாநில வனவிலங்கு ஆணையமும் புளோரிடாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. மோப்ப நாய்களும் உள்ளூர் வேட்டைக்காரர்களும் திணறிய இடத்தில், இரு வாரங்களுக்குள் 13 பாம்புகளை அவர்கள் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு. மொழி தெரியாத நாட்டில், முன்பின் கண்டிராத சதுப்பில், புல் சாய்ந்திருந்த விதத்தையும் எச்சத்தையும் பார்த்தே தேடினர். அங்கே அந்தப் பாம்பு அயல்நாட்டு ஆக்கிரமிப்பு இனம். எத்தனை பிடித்தாலும் நன்றி கிடைக்கும். ஊர் திரும்பியதும் அதே கைகளுக்கு மீண்டும் ஆண்டு ஆணையின் எண்ணிக்கை பொருந்தும்.

2023இல் இந்த இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அரசின் விருதுப் பட்டியலில் இவர்கள் தொழிலுக்குத் தனிப்பிரிவு இல்லை. சமூகப்பணி என்ற தலைப்பில், அடைப்புக்குறிக்குள் விலங்கு நலம் என்று குறித்து அவர்கள் பெயர்கள் சேர்க்கப்பட்டன. சட்டப் புத்தகத்தில் அதே பணி இன்னமும் வேட்டை என்றே இருக்கிறது.